டீஃபால்ட்டை யார் முடிவு செய்தது?

மென்பொருள் எழுதுவது படைப்புத் தொழில்தானா என்று யாராவது கேட்டால் எங்கள் ஆட்களுக்குக் கோபம் வந்துவிடும். உடனே அழகான அல்காரிதம், நேர்த்தியான கட்டமைப்பு, பத்தே வரியில் முடித்த வேலை என்று உதாரணங்களை அடுக்குவார்கள். எனக்கும் அவை பிடிக்கும். ஆனால் இத்தனை வருடம் சம்பளம் வாங்கிக்கொண்டு நான் செய்த வேலையைத் திரும்பிப் பார்த்தால், அதில் அல்காரிதம் கொஞ்சம்தான். மீதியெல்லாம் வேறு மாதிரியான முடிவுகள். இந்த இடத்தில் டிக் ஏற்கெனவே போட்டிருக்க வேண்டுமா, அதாவது பயனர் எதையும் மாற்றாவிட்டால் தானாக நிற்கும் நிலை, டீஃபால்ட், எது? நெட்வொர்க் பாதியில் அறுந்தால் திரையில் என்ன எழுதுவது? ஒன்றை நீக்கிய பிறகு திரும்ப எடுக்க முடியுமா, எத்தனை நாள் வரை? பட்டனை அவசரத்தில் இரண்டு முறை அழுத்தினால் என்ன ஆகும்?

இவற்றை யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. தேவைப் பட்டியலில் 'பயனர் தன் விவரங்களைச் சேமிக்கலாம்' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிக்கும் ஓடுகிற நிரலுக்கும் நடுவில் சின்னச் சின்ன முடிவுகள் ஏராளம். ரிலீசுக்கு முந்தைய நாள் மாலை, டெவலப்பர் தனியாக உட்கார்ந்து அவற்றை எடுக்கிறார். எடுக்கிறோம் என்று தெரியாமலேகூட எடுக்கிறார். கற்பனை வேலை செய்கிற இடம் அதுதான். சமூகப் பொறுப்பு என்று மேடைகளில் பேசுகிறார்களே, அதுவும் என் அனுபவத்தில் அங்கேதான் கிடக்கிறது. இரண்டையும் தனித்தனிப் பாடமாக வைத்துப் பேசுவது எனக்கு ஒப்பவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவரை, நாம் ஒருபோதும் பார்க்கப் போகாதவரை, மனதில் கொண்டுவர முடிகிறதா என்பதுதான் இரண்டுக்கும் பொதுவான கேள்வி.

எங்கள் துறையில் அடிக்கடி சொல்லப்படும் ஒரு பழைய சம்பவம் உண்டு. கனடாவின் ஏஇசிஎல் நிறுவனம் தயாரித்த தெரக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை எந்திரம். 1985-க்கும் 1987-க்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகள் மேல் அந்த எந்திரம் அளவுக்கு மீறிய கதிர்வீச்சைப் பாய்ச்சியது. சிலர் அதனாலேயே இறந்தார்கள். நான்சி லெவ்சனும் கிளார்க் டர்னரும் இந்த விபத்துகளை ஆராய்ந்து 1993-ல் விரிவாக எழுதினார்கள். இன்றும் கல்லூரிகளில் அதைப் படிக்கச் சொல்கிறார்கள்.

நடந்தது இதுதான். அந்த எந்திரம் இரண்டு விதமாக இயங்கும். எலெக்ட்ரான் கற்றையை மிதமான அளவில் நேராகச் செலுத்துவது ஒன்று. பல மடங்கு வலுவான கற்றையை ஓர் உலோகத் தகட்டில் மோதவிட்டு எக்ஸ்-ரேயாக மாற்றிச் செலுத்துவது இன்னொன்று. 1986-ல் டெக்சாஸில் ஒரு மருத்துவமனையில், ஆபரேட்டர் எலெக்ட்ரானுக்கான 'இ' எழுத்துக்குப் பதில் எக்ஸ்-ரேக்கான 'எக்ஸ்' எழுத்தைத் தட்டிவிட்டார். தவறு உடனே கண்ணில் பட, கர்சரை மேலே நகர்த்தித் திருத்தினார். தினமும் இதே வேலை செய்பவர் என்பதால் விரல்கள் வேகமாக ஓடின. எந்திரத்தின் காந்தங்கள் சரியான நிலைக்கு வர 8 விநாடி பிடிக்கும். அந்த 8 விநாடிக்குள் செய்த திருத்தத்தை நிரலின் ஒரு பகுதி கவனித்தது, இன்னொரு பகுதி கவனிக்கவில்லை. திரையில் எல்லாம் சரியாகத் தெரிந்தது. உள்ளே, தகடு இல்லாமலே வலுவான கற்றை தயாராக நின்றது.

இதை வகுப்பில் 'ரேஸ் கண்டிஷன்' என்று சொல்லிக் கொடுப்பார்கள். இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் ஓடும்போது எது முந்துகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறிப்போவது. சரி, அது முக்கியமான பாடம்தான். ஆனால் எனக்கு அந்தச் சம்பவத்தில் அதைவிட உறுத்துவது வேறொன்று. கற்றை பாய்ந்ததும் எந்திரம் நின்றது, திரையில் ஒரு செய்தி வந்தது: 'மால்ஃபங்ஷன் 54'. அவ்வளவுதான். அந்த 54-க்கு என்ன அர்த்தம் என்று ஆபரேட்டருக்குப் புரியும்படி எந்தக் கையேடும் சொல்லவில்லை. ஆபத்தா, அற்பமா என்ற அறிகுறிகூட அதில் இல்லை. இந்த மாதிரி எண்கள் அந்த எந்திரத்தில் அடிக்கடி வரும், பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. 'பி' என்ற ஒற்றை விசையைத் தட்டினால் சிகிச்சை தொடரும். அவர் தட்டினார். எந்திரம் மறுபடி பாய்ச்சியது.

அந்தச் செய்தியை யாரோ ஒருவர் எழுதியிருக்கிறார். எண்ணை மட்டும் காட்டினால் போதும் என்று ஒருவர் நினைத்திருக்கிறார். எந்தக் கோளாறுக்கு ஒற்றை விசையில் தொடரவிடலாம், எதற்கு எந்திரத்தையே முதலிலிருந்து தொடங்கவைக்க வேண்டும் என்றும் ஒருவர் பிரித்திருக்கிறார். அவர் மோசமான மனிதராக இருந்திருக்க வேண்டியதில்லை. அந்த எண்ணைப் பார்க்கப்போகும் பெண்மணி அறைக்கு வெளியே இருப்பார், நோயாளி கனத்த சுவருக்கு உள்ளே தனியாகப் படுத்திருப்பார், உள்ளே நடப்பதைக் காட்டும் கேமராவோ பேசும் கருவியோ அன்றைக்கு வேலை செய்யாமல் போகலாம் (டெக்சாஸில் உண்மையிலேயே அப்படித்தான் ஆனது) என்ற காட்சி அவர் மனதில் ஓடவில்லை. ஒரு நாவலாசிரியருக்கு இயல்பாக ஓடக்கூடிய காட்சி அது.

இன்னொரு விவரம் இதைவிட மோசம். முந்தைய மாடலான தெரக்-20-யிலும் அதே பிழை இருந்தது. ஆனால் அதில் தனியாக ஒரு வன்பொருள் பாதுகாப்பு உண்டு. தவறான நிலையில் கற்றை கிளம்பப் பார்த்தால் ஃபியூஸ் போய்விடும். யாருக்கும் எதுவும் ஆகவில்லை, அதனால் பிழை இருப்பதே யாருக்கும் தெரியவில்லை. புதிய மாடலில் அந்தப் பாதுகாப்பை எடுத்துவிட்டு வேலையை மென்பொருளிடம் ஒப்படைத்தார்கள். பழைய நிரல் வருடக்கணக்காக நன்றாக ஓடியதே என்ற நம்பிக்கை. இன்றைக்கும் ஒவ்வொரு கூட்டத்திலும் இதே வாக்கியத்தைக் கேட்கிறேன்: 'புரொடக்ஷனில் (மக்கள் பயன்பாட்டில்) இத்தனை நாள் ஓடுகிறது, ஒரு புகார் வந்ததில்லை.'

எதிர்ப்பக்கத்தில் மார்கரெட் ஹாமில்டன் இருக்கிறார். அப்போலோ விண்கலங்களின் மென்பொருளை எழுதிய குழுவுக்குத் தலைமை வகித்தவர். தன் சின்ன மகளைச் சில நாட்களில் ஆய்வகத்துக்கு அழைத்து வருவார். ஒருநாள் அந்தக் குழந்தை விண்கல மாதிரியின் விசைகளைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்தபோது எல்லாம் நின்றுபோனது. பறந்துகொண்டிருக்கும் நிலையில், புறப்படுவதற்கு முன்னால் ஓட வேண்டிய பி01 நிரலை அது தேர்ந்தெடுத்துவிட்டது. ஹாமில்டன், இதைத் தடுக்கும்படி நிரலில் ஒரு சோதனை சேர்க்கலாம் என்றார். மேலிடம் மறுத்தது. விண்வெளி வீரர்கள் பயிற்சி பெற்றவர்கள், அப்படியெல்லாம் தப்புச் செய்ய மாட்டார்கள் என்று பதில் வந்தது. 1968 டிசம்பரில், அப்போலோ 8 பயணத்தில், ஜிம் லவல் தவறுதலாக அதே பி01-ஐத் தேர்ந்தெடுத்தார். வழிகாட்டும் தரவு அழிந்துபோக, தரையிலிருந்து புதிதாக அனுப்ப வேண்டியதாயிற்று.

இந்தக் கதையைப் பெரும்பாலும் 'பார், அவர் சொன்னது சரியாகிவிட்டது' என்று சொல்லி முடிப்பார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய கணம். குழந்தை விசையைத் தட்டி எல்லாம் நின்றதும், 'குழந்தைதானே' என்று ரீசெட் செய்துவிட்டு வேலையைப் பார்த்திருக்கலாம். அவர் அங்கிருந்து, களைத்துப்போன ஒரு வீரரின் விரல் அதே விசைக்குப் போவதைப் பார்த்துவிட்டார். நான் சொல்ல வரும் படைப்பாற்றல் இந்த வகை. இதற்கு விருது கிடைப்பது அரிது, ஏனென்றால் சரியாகச் செய்தால் எதுவும் நடக்காது. நடக்காத விபத்தை டெமோவில் காட்ட முடியாதே.

பட்டனை இரண்டு முறை அழுத்தும் கேள்விக்கு வருகிறேன். இணையத்தில் பணப் பரிமாற்றம் தொடர்பாக வேலை செய்த எவருக்கும் இது பாலபாடம். திரை உறைந்ததுபோல் இருந்தால் மனிதர்கள் மறுபடி அழுத்துவார்கள். எத்தனை முறை அழுத்தினாலும் கணக்கில் ஒரு முறைதான் ஏற வேண்டும். பிரிட்டனின் அஞ்சல் துறை 1999-லிருந்து பயன்படுத்திய 'ஹொரைசன்' என்ற கணக்கு மென்பொருளில் இப்படி ஒரு பிழை இருந்தது. ஒரு கிளைக்கு வந்த 8,000 பவுண்டைப் பதிவு செய்ய ஊழியர் என்டர் தட்டினார், திரை அசையவில்லை, திரும்பத் திரும்பத் தட்டினார். ஒவ்வொரு தட்டலுக்கும் உள்ளே தொகை ஏறிக்கொண்டே போனது. கடைசியில் கையில் இல்லாத 24,000 பவுண்ட் கணக்கில் இருந்தது.

ஹொரைசனில் பிழைகள் இருந்தன என்பது எனக்கு வியப்பே இல்லை. அந்த அளவு பெரிய மென்பொருளில் பிழை இல்லாமல் இருந்தால்தான் வியப்பு. அந்தப் பிழைகளைச் சுற்றி என்ன கட்டப்பட்டிருந்தது என்பதுதான் விஷயம். கிளைகளை நடத்தியவர்கள் ஒப்பந்தப்படி பற்றாக்குறையைத் தங்கள் கையிலிருந்து ஈடுகட்ட வேண்டும். உதவி எண்ணுக்கு அழைத்தவர்களில் பலருக்கு, 'வேறு யாருக்கும் இந்தப் பிரச்சினை இல்லையே, உங்களுக்கு மட்டும்தான்' என்று பதில் கிடைத்தது. மென்பொருள் செய்த ஃபுஜித்சு நிறுவனத்தின் ஆட்கள் வெளியிலிருந்தே கிளைக் கணக்குகளுக்குள் நுழைய முடியும் என்ற உண்மை வருடக்கணக்காக மறுக்கப்பட்டது. சட்டமும் கைகொடுக்கவில்லை. கணினி ஆதாரத்தைக் கொண்டுவருபவர் அந்தக் கணினி ஒழுங்காக இயங்கியதைக் காட்ட வேண்டும் என்று 1984-ம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த பிரிவை 1999-ல் நீக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு, கணினி சரியாக இயங்கியது என்பதுதான் டீஃபால்ட். இல்லை என்று காட்ட வேண்டியது குற்றம் சாட்டப்பட்டவர். கணினி தன் இயக்கத்தைப் பதிந்துவைக்கும் லாக் ஃபைலைக் கண்ணால்கூடப் பார்க்க முடியாத ஒருவர் அதை எப்படிக் காட்டுவார்?

1999-லிருந்து 2015 வரை, திருட்டு, மோசடி போன்ற குற்றங்களுக்காக 900 பேருக்கு மேல் தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். வீட்டை இழந்தவர்கள், ஊரில் திருடர் என்று பெயர் வாங்கியவர்கள் அதற்கும் மேல். ஆலன் பேட்ஸ் என்பவரின் முன்முயற்சியில் 555 பேர் சேர்ந்து வழக்குப் போட்டு, 2019-ல் அந்த மென்பொருள் நம்பத்தக்கதாக இருக்கவில்லை என்று தீர்ப்பு வந்தது. 2024-ல் நாடாளுமன்றமே சட்டம் போட்டு தண்டனைகளை ரத்து செய்தது.

இங்கே டொனால்ட் கனூத்தை நினைத்துக்கொள்வேன். கணினி அறிவியலின் பெரியவர். தன் நூல்களில் பிழை கண்டுபிடித்துச் சொல்பவருக்கு 2.56 டாலர் காசோலை அனுப்பும் வழக்கம் அவருக்கு 2008 வரை இருந்தது. 256 சென்ட், பதினாறை அடிப்படையாகக் கொண்ட எண்முறையில் (அதில் 100 என்று எழுதினால் 256) ஒரு டாலர் என்று அவரே வேடிக்கையாக விளக்கம் சொல்வார். பக்கங்களை அச்சுக் கோக்க அவர் எழுதிய டெக் மென்பொருளில் பிழை கண்டால் பரிசு வருடாவருடம் இரட்டிப்பாகி 327.68 டாலர் வரை போனது. பெற்றவர்கள் பலர் அந்தக் காசோலையை வங்கியில் போடாமல் ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டிவைத்தார்கள். குறும்புதான், ஆனால் அந்தக் குறும்புக்குள் ஒரு தீர்மானம் இருக்கிறது: என் நிரலில் பிழை இருக்கும், அதை நீ சொன்னால் நீ சொல்வதைத்தான் முதலில் நம்பிப் பார்ப்பேன். 'உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை' என்று சொன்ன உதவி எண்ணுக்கு நேர் எதிரான வடிவமைப்பு. இரண்டுமே வடிவமைப்புதான் என்பதைக் கவனிக்க வேண்டும். புகார் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று யாரோ ஒரு இடத்தில் அம்புக்குறி வரைந்திருக்கிறார்கள்.

இப்படிப் பேசும்போது நண்பர்கள் ஒரு மறுப்புச் சொல்வார்கள். 'நீ சொல்வது நிறுவனத்தின் தவறு, மேலாளரின் தவறு, அரசின் தவறு. டெவலப்பர் என்ன செய்வான்? ஸ்பெக் (என்ன செய்ய வேண்டும் என்ற விவரக் குறிப்பு) வருகிறது, எழுதுகிறான்.' இதில் நியாயம் இருக்கிறது. அவசரமாக ஒதுக்க மாட்டேன்.

ஆஸ்திரேலியாவில் 2016-லிருந்து 'ரோபோடெட்' என்று மக்கள் பெயர் வைத்த திட்டம் ஒன்று ஓடியது. அரசு உதவித்தொகை வாங்கியவர்கள் கூடுதலாக வாங்கிவிட்டார்களா என்று கணினியே பார்க்கும். அதன் மையத்தில் இருந்தது ஒரு வகுத்தல். வரித்துறையிடம் இருக்கும் வருட வருமானத்தை 26-ஆல் வகு. வருவது இரண்டு வாரத்துக்கான வருமானம். அந்த நபர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அறிவித்த தொகையோடு ஒப்பிடு. வித்தியாசம் இருந்தால் கடன் நோட்டீஸ். நிரலாக எழுதினால் சில வரிகள். நிரலைச் சோதிக்கும் டெஸ்ட் எழுதினால் எல்லாம் பச்சையாக, அதாவது தேறியதாக, வரும். கணக்கில் ஒரு பிழையும் கிடையாது.

ஆனால் உதவித்தொகை வாங்குகிறவர்களில் பலர் வருடம் முழுவதும் ஒரே சீராகச் சம்பாதிப்பவர்கள் இல்லை. ஆறு மாதம் வேலை இருக்கும், ஆறு மாதம் இருக்காது. வேலை இல்லாத மாதங்களில்தான் அவர்கள் உதவித்தொகையே கேட்டிருப்பார்கள். சராசரி போட்டால், சம்பாதிக்காத மாதங்களிலும் சம்பாதித்ததாக ஆகிவிடும். உண்மையாக அறிவித்தவர் பொய் சொன்னவராகத் தெரிவார். அதோடு, பழைய சம்பளச் சீட்டுகளைத் தேடி எடுத்துத் தான் கடன்பட்டவர் இல்லை என்று காட்டும் சுமையும் அவர் தலையில்தான். லட்சக்கணக்கானவர்களுக்குத் தவறான நோட்டீஸ் போனது. 2019-ல் நீதிமன்றத்தில் திட்டம் நிற்கவில்லை. 70 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல் திருப்பித் தர வேண்டியிருந்தது. 2023-ல் வந்த விசாரணை ஆணைய அறிக்கை, அது நியாயமாகவும் இல்லை, சட்டப்படியும் இல்லை என்று சொன்னது.

அந்த வகுத்தலை எழுதியவர் யார், என்ன நினைத்தார் என்பதற்குள் நான் போகவில்லை. அவர் கையில் கொள்கையை மாற்றும் அதிகாரம் இருந்திருக்காது. ஆனால் 26-ஆல் வகுக்கும் வரியைத் தட்டச்சு செய்யும் எவருக்கும் ஒரு கேள்வி எழ வாய்ப்பிருக்கிறது: 'வருமானம் சீராக இல்லாவிட்டால்?' டெஸ்ட் கேஸ் எழுதுபவரின் தொழிலே அதுதானே. எல்லா மாதமும் ஒரே தொகை, ஒரு மாதம் மட்டும் பெரிய தொகை, பாதி வருடம் பூஜ்யம் என்று மூன்று உதாரணம் போட்டுப் பார்த்தால் மூன்றாவது உதாரணத்தில் திட்டத்தின் குறை முழுதாகத் தெரிந்துவிடும். கேள்வியை டிக்கெட்டில் (வேலைகளைப் பதிந்துவைக்கும் குறிப்பில்) எழுதிவைக்கலாம். பதில் வராமல் போகலாம், மேலிருந்து 'அப்படியே போடு' என்று வரலாம். எழுதப்பட்ட கேள்வி எழுதப்பட்டதாக இருக்கும். இப்படிப்பட்ட விசாரணைகளில் யாருக்கு எது எப்போது தெரியும் என்று தேடும்போது பழைய மின்னஞ்சல்களும் குறிப்புகளும்தான் பேசுகின்றன.

இதற்கு மேல் டெவலப்பரால் முடியாதா என்றால், சில இடங்களில் முடியும், விலை கொடுக்க வேண்டும். ஃபோக்ஸ்வாகன் விவகாரத்தை எடுத்துக்கொண்டால், பரிசோதனை நடக்கிறதா என்று காரே கண்டுபிடித்து அப்போது மட்டும் புகையைக் குறைக்கும் மென்பொருள் உலகம் முழுக்கச் சுமார் 1.1 கோடி கார்களில் இருந்தது. அது 2015-ல் அம்பலமானது. அங்கே ஸ்பெக்கிலேயே ஏமாற்று இருந்தது. ஸ்டியரிங் திரும்புகிறதா என்று பார்த்து முடிவெடுக்கும் நிரலை அப்பாவியாக எழுத முடியாது. அமெரிக்காவில் அதற்காக ஒரு பொறியாளருக்கு 40 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. 'சொன்னதைச் செய்தேன்' என்பது அவரைக் காப்பாற்றவில்லை. ஆனால் இவை விதிவிலக்குகள். பெரும்பாலான டெவலப்பர்கள் வாழ்நாளில் ஏமாற்று மென்பொருள் எழுதச் சொல்லிக் கேட்கப்பட மாட்டார்கள். 26-ஆல் வகுக்கச் சொல்லிக் கேட்கப்படுவார்கள். அதனால்தான் எனக்கு ரோபோடெட்தான் அதிகம் தூக்கத்தைக் கெடுக்கிறது.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் படைப்பாற்றல் எப்போதும் நல்லது என்று நான் சொல்வதுபோல் ஆகிவிடும். முடிவில்லாமல் கீழே உருட்டிக்கொண்டே போகும் பக்கத்தை 2006-ல் ஏசா ராஸ்கின் வடிவமைத்தார். அடுத்த பக்கம் என்ற பட்டனைத் தேடித் தட்ட வைப்பது பயனரைத் தொந்தரவு செய்வது என்பது அவர் எண்ணம். அருமையான யோசனை, பயனரை நினைத்துத்தான் செய்தார். பிறகு அதற்காக வருந்துவதாக வெளிப்படையாகச் சொன்னார். பக்கத்தின் முடிவு என்பது 'போதும்' என்று நினைப்பதற்குக் கிடைத்த ஒரு சின்ன இடைவெளி, அதை எடுத்துவிட்டோம் என்பது பின்னால்தான் புரிந்தது. ஆக, பயனரைக் கற்பனை செய்தால் மட்டும் போதவில்லை. பத்து நிமிடப் பயனரையும் நள்ளிரவு இரண்டு மணிப் பயனரையும் சேர்த்துக் கற்பனை செய்ய வேண்டியிருக்கிறது. அதோடு, நம் கண்டுபிடிப்பை விளம்பர வருமானத்தோடு இணைக்கப்போகும் இன்னொரு நிறுவனத்தையும். இதெல்லாம் ஒரு மனிதனிடம் எதிர்பார்ப்பது அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

என்னைப் பொறுத்தவரை இந்தக் கற்பனைக்குத் தீனி போட்டது வாடிக்கையாளர் சேவைப் பிரிவு. ஒரு நிறுவனத்தில் இருந்தபோது, டெவலப்பர்கள் அவ்வப்போது அங்கே உட்கார்ந்து அழைப்புகளைக் கேட்கலாம் என்று ஏற்பாடு இருந்தது. பெரும்பாலானவர்கள் போகமாட்டார்கள். நான் போனேன், வேலையிலிருந்து தப்பிக்கத்தான் முதலில் போனேன். ஒரு அழைப்பில் ஒரு முதியவர், 'நான் ஏதோ தப்புப் பண்ணிவிட்டேன் போலிருக்கிறது, மன்னிக்கணும்' என்று தொடங்கினார். அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. எங்கள் படிவம் அவர் பெயரை ஏற்கவில்லை. பெயரை முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டாகக் கேட்டது. அவருக்கு இருந்தது ஒரே பெயர். சிவப்பு எழுத்தில் 'தவறான உள்ளீடு' என்று அவருக்குச் சொல்லியிருந்தோம். வாழ்நாள் முழுக்கச் சுமந்த பெயரைத் தவறு என்று சொன்ன படிவத்திடம் அவர் மன்னிப்புக் கேட்டார்.

அந்த அறையில் இருந்த பெண்கள், ஆமாம், இது தினமும் வரும் புகார் என்றார்கள். அவர்களிடம் அதற்கு ஒரு கைவைத்தியமும் இருந்தது: இரண்டாவது கட்டத்தில் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுவது. எங்கள் தரவுத்தளம் முழுக்கப் புள்ளியைக் குடும்பப் பெயராகக் கொண்ட மனிதர்கள் இருந்ததற்குக் காரணம் எனக்கு அன்றுதான் விளங்கியது. மாடியில் இருந்த நாங்கள் அதைத் 'தரவுத் தரப் பிரச்சினை' என்று டிக்கெட் போட்டு, சுத்தம் செய்ய ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டிருந்தோம். கீழே அது மனிதர்கள் கண்டுபிடித்த வழி. மிகவும் படைப்பாற்றல் மிக்க வழி என்றுகூடச் சொல்வேன்.

இப்போது நிரலில் பாதியை ஏஐ எழுதுகிறது. நானும் தினமும் பயன்படுத்துகிறேன், நன்றாகவே எழுதுகிறது. படைப்பாற்றல் செத்துவிட்டது என்று புலம்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மனம் மரத்துப்போகும் அளவுக்கு ஒரே மாதிரி எழுதிய நிரல்களை இனி எழுத வேண்டாம் என்றால் நல்லதுதான். என் கவலை வேறு. பதிவுப் படிவம் ஒன்று எழுதித் தா என்று கேட்டால், அது எப்போதும்போல முதல் பெயர், குடும்பப் பெயர், இரண்டும் கட்டாயம் என்றுதான் பெரும்பாலும் எழுதித் தருகிறது. உலகில் அதிகம் எழுதப்பட்ட படிவம் அதுதானே, அதைத்தான் படித்திருக்கிறது. முன்பு அந்த வரியைத் தட்டச்சு செய்யும்போது ஒரு விநாடியாவது கை நிற்க வாய்ப்பிருந்தது: இது கட்டாயமா? அந்த விநாடி இப்போது இல்லை. முடிவு எடுக்கப்பட்டுவிட்டது, ஆனால் யாரும் எடுக்கவில்லை. நாளை விசாரணை ஆணையம் வந்து 'இதை யார் தீர்மானித்தது' என்று கேட்டால் எந்தக் குறிப்பும் இருக்காது.

மறுபக்கமும் உண்டு. நேரமில்லை என்ற சாக்கு போய்விட்டது. ஒவ்வொரு கோளாறுக்கும் புரியும்படி ஒரு செய்தி எழுது, பார்வையற்றவர் திரைவாசிப்பானில் கேட்டால் எப்படி இருக்கும் என்று பார், வருமானம் பாதி வருடம் பூஜ்யமாக இருக்கும் ஆட்களுக்கு டெஸ்ட் எழுது என்று சொன்னால், முன்பு ஒரு வாரம் பிடித்த வேலையை அது சில நிமிடங்களில் செய்கிறது. கேட்டால் செய்கிறது. கேட்க வேண்டும் என்று தோன்றுவது மட்டும் இன்னும் நம்மிடம் இருக்கிறது. அதனால் இளைய டெவலப்பர்கள் என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டால், புதிதாக ஒரு ஃபிரேம்வொர்க் பெயரைச் சொல்லாமல், ஒரு வாரம் அழைப்புகளைக் கேட்டுவிட்டு வரச் சொல்கிறேன். பாதிப் பேர் நான் கேலி செய்கிறேன் என்று நினைக்கிறார்கள்.

எங்கள் குழுவில் புதிதாக எதையாவது கட்டும் முன் எழுதும் டிசைன் டாக்குமென்ட்டில், கொஞ்ச காலம் முன்பு ஒரு கேள்வியைச் சேர்த்தோம்: 'இந்த மென்பொருள் ஒருவரைப் பற்றித் தவறான முடிவுக்கு வந்தால், அது அவருக்கு எப்படித் தெரியவரும், அவர் யாரிடம் சொல்வார், சொன்ன பிறகு இரு தரப்பில் யாரை முதலில் நம்புவோம்?' பாதுகாப்பு, செலவு, வேகம் எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே பகுதிகள் இருந்தன, இதற்கு இல்லை. முதலில் வந்த பதில்கள் பெரும்பாலும் 'பொருந்தாது'. வெறும் அறிக்கைதானே, வெறும் வடிகட்டிதானே என்றார்கள். அந்த அறிக்கையைப் பார்த்து யார் என்ன செய்வார்கள் என்று திருப்பிக் கேட்டால், பாதி நேரம் எழுதியவருக்கே தெரிந்திருக்கவில்லை. போய் விசாரித்துவிட்டு வந்தார்கள். ஒருமுறை அப்படி விசாரித்ததில், பணம் கட்டத் தாமதிப்பவர்களைப் பட்டியலிடும் அறிக்கை ஒன்று நேராகச் சேவையைத் துண்டிக்கும் இன்னொரு மென்பொருளுக்குள் போகிறது என்பது தெரிந்து, நடுவில் ஒரு மனிதரை உட்காரவைத்தோம்.

புராடக்ட் மேனேஜருக்கு இந்தக் கேள்வி பிடிக்கவில்லை. வேலை தாமதமாகிறது, கட்டாயம் என்பதை விருப்பமாக மாற்றுங்கள் என்கிறார். அவர் சொல்லும் தாமதம் உண்மைதான், மறுக்கவில்லை. விருப்பமாக்கினால் யாரும் நிரப்ப மாட்டார்கள் என்று நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போதைக்கு ஒரு சமரசம்: 'பொருந்தாது' என்று எழுதலாம், ஆனால் ஏன் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும், அதைக் குழுவில் வேறொருவர் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த காலாண்டில் மறுபடி பேசலாம் என்று வைத்திருக்கிறோம்.